முப்பத்தேழாவது படம்

தம்பிக்கு,

லீவு கிடைக்காமல் உனக்குப் பதிலாக அனுப்பினாயே, அந்தப் பழைய கேமராவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ரோல் உள்ளேயே இருக்கிறது. கழுவக் கொடுக்காதே.

அம்மாவுக்கு எடுத்த வாடகைக் கட்டிலை நேற்று எடுத்துப் போய்விட்டார்கள்.

அம்மா படம் எங்கே என்று போனில் மூன்று தடவை கேட்டுவிட்டாய். சொல்லித் தொலைக்கிறேன். லீவரை இழுக்கும்போது இடப்பக்கக் குமிழும் சுற்ற வேண்டும், சுற்றாவிட்டால் பிலிம் மாட்டவில்லை என்று படித்துப் படித்துச் சொன்னாய். மருந்து கொடுப்பதற்கும் துணி அலசுவதற்கும் நடுவே நான் குமிழைப் பார்க்கவே இல்லை.

கேமராவைக் கண்டாலே முகத்தை மூடிக்கொள்ளும் அம்மா, உனக்கு அனுப்ப என்றதும் தினமும் காலையில் பவுடர் கேட்டாள். தலை சீவிவிடச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும், "நல்லா விழுந்திருக்காடி? அவன் பாத்துட்டு அழக் கூடாது" என்பாள்.

"நல்லா விழுந்திருக்கும்மா."

ரோலுக்கு முப்பத்தாறு படம்தான். முப்பத்தேழாவதுக்கும் லீவர் நகர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. திறந்து பார்த்தால் பிலிம் போட்ட இடத்திலேயே கிடந்தது, ஒரு படம்கூட விழவில்லை.

அன்று சாயங்காலமே ஒழுங்காக மாட்டினேன். குமிழும் சுற்றியது.

மறுநாள் காலை அம்மா பவுடர் கேட்கவில்லை.

உன் அக்கா