வராத விளையாட்டுக்கு ஒப்படைத்த கேசட்டுகளைப் பூட்டிய கடையிலிருந்து மீட்டுத் தரக் கோருதல்

அனுப்புநர்:
மு. சங்கரலிங்கம் (வயது 57),
நாளிதழ் நிருபர்,
ராஜபாளையம்.
(மம்சாபுரம் திருமதி செல்லக்கனி உள்ளிட்ட 38 பேரின் ஒப்புதலுடன்)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றம்,
காமராசர் மாவட்டம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: டி.வி. கேம் – வெளிவராத கேசட்டுக்கு முன்பதிவு – பழைய கேசட்டுகளை அச்சாரமாகப் பெற்றுக்கொண்டு கடையைப் பூட்டிச் சென்றது – 31.1.1996-க்கு முன் தடை உத்தரவு வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 24.9.1995 ஞாயிறன்று நாளிதழில் வெளியான என்னுடைய செய்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ராஜபாளையம் ‘கீர்த்தி டி.வி. கேம் சென்டர்’ பெயருக்கு, கடந்த அக்டோபர் முதல் தேதியிலிருந்து நேற்று (18.1.1996) மாலை வரை இரண்டே பார்சல்கள் வந்துள்ளன. இரண்டிலும் இருந்தவை டி.வி. ஆண்டெனாக்கள். அக்கடைக்குச் சரக்கு வரும் லாரி சர்வீஸின் புக்கிங் எழுத்தர் திரு. சோலைராஜ், பதிவேட்டை என் முன் விரித்துப் பக்கம் பக்கமாகக் காட்டினார். ‘அயர்ன் டைகர் – பாகம் இரண்டு’ என்னும் விளையாட்டுக் கேசட் ஒன்றுகூட வரவில்லை. சரக்கு லாரி ஆபீஸில் வந்து கிடக்கிறது என்று பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு வரை சொல்லிக்கொண்டிருந்த கடைக்காரர் திரு. பால்பாண்டி, 11.1.1996 அன்று கடையைப் பூட்டிச் சென்றவர், இதை எழுதும் வரை திரும்பவில்லை.

2. இவ்விளையாட்டைத் தாங்கள் பார்த்திராமல் இருக்கலாம். டி.வி.யுடன் ஒரு சிறு இயந்திரத்தை இணைத்து, அதில் உள்ளங்கை அளவுள்ள கேசட்டைச் சொருகினால் திரையில் ஆட்டம் வரும். கேசட் இல்லையென்றால் ஒன்றும் வராது. சென்ற செப்டம்பரில் திரு. பால்பாண்டி தம் கடைக் கண்ணாடி அலமாரியில் ஒரு வண்ணப் பெட்டியை வைத்தார். இரும்புத் தாடையுடன் ஒரு புலி அதில் அச்சிடப்பட்டிருந்தது. பொங்கலுக்கு முன் ஐம்பது கேசட்டுகள் மட்டும் வரும், முன்பதிவு செய்தவருக்கே கிடைக்கும் என்றார். அச்சாரமாகப் பணம் கேட்கவில்லை. கையிலிருக்கும் பழைய கேசட் ஒன்றை ஒப்படைத்தால் வரிசை எண்ணிட்ட சீட்டு தருவார். மீதித் தொகையைப் புதியது வந்த பிறகு கொடுத்தால் போதும். வீட்டில் டி.வி. வைத்து வெளியாட்களை விளையாடவிட்டுச் சம்பாதிப்பவர்கள் மட்டும் மூன்று ஒப்படைக்க வேண்டும். நாற்பத்து மூன்று பேர் ஒப்படைத்தனர்.

3. கண்ணால் காணாத பொருளுக்கு நாற்பத்து மூன்று பேர் எப்படி நம்பிக் கொடுத்தார்கள் என்று தாங்கள் கேட்கக்கூடும். வெளியூர்க்காரர் எவரும் கேட்பார். எங்கள் ஊரில் நாய்க்குட்டிக்கு அப்படித்தான் கொடுக்கிறோம். சாதி நாய் சினையாக இருக்கும்போதே குட்டிக்கு அச்சாரம் கொடுத்துவிடுவது இங்கு வழக்கம். கொடுத்தவர், குட்டி கண் திறக்கும் வரை அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டார். வேற்றாள் வாடை பட்டால் தாய் குட்டியைத் தின்றுவிடும் என்பார்கள். போய்க் கேட்பது மரியாதையுமல்ல. திரு. பால்பாண்டி மகாராஜபுரத்தில் பிறந்தவர். இந்த வழக்கம் அவருக்குத் தெரியும். செப்டம்பர் 20 அன்று என்னிடம் அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் உள்ளபடியே தருகிறேன்: “அண்ணாச்சி, நாய்க்குட்டிக்கு அச்சாரம் குடுக்கதில்லையா? அதே மாரிதான். கண்ணு முழிக்கிற வரைக்கும் யாரும் எட்டிப் பாக்கக்கூடாது. பொங்கலுக்கு முன்ன வந்து குட்டியத் தூக்கிட்டுப் போயிருங்க.” கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு, நான்கு மாத காலத்துக்கு அவரிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

4. பார்வையில் கண்ட செய்தியை எழுதியவன் நான். ‘புதிய டி.வி. கேமுக்கு ராஜபாளையத்தில் முன்பதிவு விறுவிறுப்பு’ என்பது தலைப்பு. அதில் பதினொரு வாக்கியங்கள். பத்து வாக்கியங்களை நேரில் சரிபார்த்தேன்: எத்தனை சீட்டு எழுதப்பட்டது, எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள், வரிசை எத்தனை மணிக்குத் தொடங்கியது. பதினோராவது வாக்கியம்: ‘இக்கேசட் பொங்கலுக்கு முன் விற்பனைக்கு வருகிறது.’ இதைச் சொன்னவர் கடைக்காரர். கடைக்காரர் சொன்னார் என்று நான் எழுதவில்லை. அலுவலகத்தில் யாரும் அதை வெட்டவுமில்லை. என் கையெழுத்துப் பிரதியைத் தேடியெடுத்துப் பார்த்துவிட்டேன். இருபத்தாறு ஆண்டுகளாக நிருபராக இருப்பவன் செய்த பிழை இது. செய்தி வெளியான அன்று சீட்டுகள் பத்தொன்பது. அடுத்த ஆறு நாட்களில் மேலும் இருபத்து நான்கு. அந்தப் பத்திரிகைத் துண்டை திரு. பால்பாண்டி, புலிப் பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார்.

5. அந்த இருபத்து நால்வரில் ஒருவர் திருமதி செல்லக்கனி, வயது 36. நூற்பாலையில் வேலை செய்தபோது வலது கையில் இரண்டு விரல்களை இழந்தவர். ஆலை கொடுத்த இழப்பீட்டில் ஒரு டி.வி.யும் விளையாட்டு இயந்திரமும் மூன்று கேசட்டுகளும் வாங்கி, மம்சாபுரத்தில் தம் வீட்டு முன்னறையில் வைத்தார். ஷிப்டு முடிந்து வரும் ஆலைத் தொழிலாளர்கள் கால் மணி நேரத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்து விளையாடினார்கள். அதில்தான் வீடு நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு டி.வி.யுடன் ஒரு கடை திறந்த பிறகு கூட்டம் குறைந்தது. புதிய கேசட் முதலில் தம்மிடம் இருந்தால் போனவர்கள் திரும்புவார்கள் என்று அவர் கணக்கிட்டார். தவறான கணக்கென்று சொல்ல முடியாது. 30.9.1995 அன்று தம்மிடமிருந்த மூன்று கேசட்டுகளையும் ஒப்படைத்தார். சீட்டு எண் 43. அதுவே கடைசிச் சீட்டு.

அன்றிலிருந்து அவர் வீட்டு இயந்திரத்தில் சொருக ஒன்றுமில்லை. சுவருக்கு வெள்ளையடித்து, ‘பொங்கல் முதல் புதிய கேம்’ என்று வாசலில் அட்டை கட்டினார். அக்டோபரில் ஆலையிலிருந்து ஆள் வந்து, பேக்கிங் பகுதியில் இடம் இருக்கிறது, இரண்டு விரல் இல்லாவிட்டாலும் பார்க்கக்கூடிய வேலை என்று கூப்பிட்டார்கள். கேம் வரப்போகிறது என்று மறுத்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது வேறொருவர் இருக்கிறார். அவ்வழியே போகும் தொழிலாளி திரு. உக்கிரபாண்டி தினமும் வாசலில் நின்று, “என்ன மதினி, குட்டி இன்னும் கண்ணு முழிக்கலியா? தாயி எந்த ஊர்ல கெடக்குன்னாவது கேட்டியளா?” என்பாராம். அவர் விளையாட்டாகக் கேட்டார். சரியான கேள்வியை அந்த நான்கு மாதத்தில் கேட்ட இரண்டு பேரில் அவர் ஒருவர்.

6. மற்றவர் சேத்தூர் திரு. குருசாமி. இவர் நாய் வளர்த்து விற்பவர். தம் மகனுக்காக ஒரு கேசட்டைக் கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தார். 12.11.1995 ஞாயிறு காலை கடைக்கு வந்து கேசட்டைத் திருப்பிக் கேட்டார். கடைக்காரர் வாய் திறக்கவில்லை; திறக்கத் தேவையிருக்கவில்லை. சீட்டு வைத்திருந்த மற்றவர்களே அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். “கேட்டுக் கேட்டே குட்டியக் கொன்னுராதீரும்வே” என்றார் ஒருவர். அதற்கு திரு. குருசாமி சொன்னது: “நாய்க்கு அச்சாரம் குடுக்கவன் தாய் வயித்தத் தடவிப் பாத்துட்டுக் குடுப்பான். இங்க நீங்க எந்தத் தாயத் தடவுனிய?” எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் அவரைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போய் சேத்தூர் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். நான் அங்கே இருந்தேன் என்பதையும், சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதையும் மன்றத்தின் முன் பதிவு செய்கிறேன்.

7. புலிப் பெட்டியின் ஓரத்தில் சென்னை மொத்த வியாபாரி ஒருவரின் முகவரி இருந்தது. அதற்கு நான் பதினைந்து காசு அஞ்சல் அட்டை ஒன்று எழுதினேன். எழுதிய நாள் 2.1.1996. பதில் 16.1.1996 அன்று கிடைத்தது: ‘இப்பெயரில் ஒரு விளையாட்டு எங்களிடம் வந்ததில்லை, வரப்போவதாகத் தகவலும் இல்லை.’ இந்த அட்டையை நான் செப்டம்பர் 20 அன்று எழுதியிருந்தால், பதில் அக்டோபர் முதல் வாரத்தில் வந்திருக்கும். ஆலையிலிருந்து செல்லக்கனியைத் தேடி ஆள் வந்தது அக்டோபர் 14.

பதில் அட்டையை எடுத்துக்கொண்டு 17-ஆம் தேதி மம்சாபுரம் போனேன். அவர் வீட்டில் இல்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி சுருட்டும் தினக்கூலி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். மீதமுள்ள விரல்களால் ஒரு நாளில் மற்றவர்கள் சுருட்டுவதில் பாதிதான் அவரால் முடிகிறது. மாலைப் பேருந்தில் வந்து இறங்கியவரிடம் அட்டையைப் படித்துக் காட்டினேன். அவர் அழவுமில்லை, ஏசவுமில்லை. “அண்ணாச்சி, நீங்க கண்ணால பாத்துட்டுத்தான எழுதுனிய?” என்று மட்டும் கேட்டார். வாசலில் கட்டியிருந்த அட்டையை அவிழ்த்துக்கொண்டே, “பேப்பர்ல வந்துருச்சேன்னுதான் குடுத்தேன்” என்றார். அவருடைய கேள்விக்கு என் பதிலை எழுத்தில் தருகிறேன்: பார்க்கவில்லை.

8. இப்போது அவசரம் எங்கே என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒப்படைக்கப்பட்ட கேசட்டுகள் முழுவதுமோ ஒரு பகுதியோ கடைக்குள்ளேயே இருப்பதாகத் தெரிகிறது. முன்புறக் கம்பிக் கதவு வழியாக ஒரு கோணிச்சாக்கையும், அதன் வாயில் பழைய கேசட்டுகளையும் நானே பார்த்தேன் (17.1.1996, பகல் 12 மணி). எத்தனை என்று எண்ண முடியவில்லை. கட்டட உரிமையாளர் திரு. ரத்தினத்துக்கு மூன்று மாத வாடகை பாக்கி. 31-ஆம் தேதி பூட்டை உடைத்து, உள்ளிருப்பதை விற்று எடுத்துக்கொள்ளப் போவதாகக் கூறுகிறார். “எனக்கு வாடகை வரணும் அண்ணாச்சி. சாக்குல கெடக்கது யாரு கேசட்டுன்னு நான் எப்படிக் கண்டேன்?” என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் செல்லக்கனி தம் மூன்று கேசட்டுகளின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் ‘செ’ என்று எழுதி வைத்திருக்கிறார். அவை திரும்பக் கிடைத்தால் அன்று மாலையே அவர் வீட்டு டி.வி. ஓடும். பழைய ஆட்டத்துக்கு வரும் பழைய கூட்டமாவது வரும். விற்கப்பட்டுவிட்டால் டி.வி.யையும் விற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

9. முன்பதிவு செய்தவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்று எழுதி முடிக்க எனக்கும் விருப்பம்தான். நேற்று முன்தினம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு கடையில் ‘அயர்ன் டைகர் – பாகம் மூன்று: முன்பதிவு ஆரம்பம்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாகமே இல்லை என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னேன். “அதனாலதான் அண்ணாச்சி நேரா மூணாவது வருது” என்றார் வரிசையில் நின்ற ஒருவர். நான் நின்ற அரை மணி நேரத்தில் ஆறு பெயர்கள் எழுதப்பட்டன. ஆறில் இரண்டு பெயர்கள், இம்மனுவுடன் இணைத்துள்ள சீட்டுகளிலும் உள்ளன.

10. ஆகவே, 31.1.1996-க்கு முன் அக்கடையிலுள்ள பொருட்களை யாரும் விற்கவோ அகற்றவோ தடை விதிக்கவும், மன்றத்தின் சார்பில் ஒருவரை அனுப்பி, அவர் முன்னிலையில் கடையைத் திறந்து பட்டியல் எடுத்து, சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அவரவர் கேசட்டை ஒப்படைக்கவும், திரு. பால்பாண்டிக்கு அவருடைய மகாராஜபுரம் முகவரியில் அறிவிப்பு அனுப்பவும் வேண்டுகிறேன். வந்து சேராத, யாரும் பார்த்திராத பொருளுக்கு அச்சாரம் வாங்கும் கடைகள், அப்பொருள் எங்கிருந்து, எப்போது வருகிறது என்பதற்கான சான்றைக் கடையில் காட்சிக்கு வைக்க வேண்டுமென்று அறிவுறுத்தவும் வேண்டுகிறேன். என் 24.9.1995 செய்தியை முதல் ஆவணமாக ஏற்று, என்னைச் சாட்சியாக அழைக்க வேண்டும். பொறுப்பில் எனக்கு ஒரு பங்கு உண்டென்று மன்றம் கருதினால், அதை மறுத்து வாதாட மாட்டேன்.

11. இம்மனுவை எழுதி முடிக்கும் நேரத்தில் தெரியாமல் இருப்பவை: திரு. பால்பாண்டி எங்கே இருக்கிறார் என்பது தெரியவில்லை. 17-ஆம் தேதி நான் அனுப்பிய திருத்தச் செய்தி இன்னும் வெளியாகவில்லை. மன்றத்தின் உத்தரவு வந்த பின் வெளியிடலாம் என்று அலுவலகத்தில் கூறியிருக்கிறார்கள். சாக்கில் ‘செ’ எழுதிய மூன்று கேசட்டுகள் இருக்கின்றனவா என்பதும் தெரியவில்லை. கண்ணாடி அலமாரியில் புலிப் பெட்டி இன்னும் இருக்கிறது. அது காலிப் பெட்டி என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். திறந்து பார்க்காததால் நான் அப்படி எழுதவில்லை. மன்றம் தடுக்காவிட்டால், ஜனவரி 31, புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பூட்டு உடைக்கப்படும். செல்லக்கனி அன்று கூலி வேலைக்குப் போகாமல் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் கடை வாசலில் இருப்பேன்.

இடம்: ராஜபாளையம்
நாள்: 19.1.1996

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மு. சங்கரலிங்கம்

இணைப்பு: செய்தி நறுக்கு, முன்பதிவுச் சீட்டு நகல்கள் 38, சென்னையிலிருந்து வந்த அஞ்சல் அட்டை, திருமதி செல்லக்கனியின் ஒப்புதல் கடிதம் (இடக்கைப் பெருவிரல் ரேகை).