படத்தில் இரண்டு பறவை

மனைவி சுமித்ரா ரேஷன் கடையிலிருந்து திரும்புவதற்குள் கிளம்பிவிட வேண்டும். எத்திராஜ் கேலண்டர் தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஆன்லைனில் அவன் வாங்கிய வெள்ளிக் காசின் படத்தில் இரண்டு பறவைகள் இருந்தன. வந்த காசில் ஒன்றுதான் இருந்தது. பார்சலை வாங்கி வைத்தவன் லீவில் வந்திருந்த அவள் தம்பி சிரஞ்சீவி. "நீதான்டா மாத்திட்ட!" என்று தெருவே கேட்க எத்திராஜ் கத்தினான். சிரஞ்சீவி பாதிச் சோற்றில் எழுந்து, வேலை பார்க்கும் நாயுடுபேட்டைக்கே போய்விட்டான்.

"சுமித்ரா, வித்தவனுக்கு போன் பண்ணேன். அந்தக் காசுல வருஷா வருஷம் படம் மாறுமாம். எந்த வருஷத்துது வேணா வரும்னு கீழயே போட்டிருக்கான், நான்தான் படிக்கல. புத்தூர் நகைக்கடையிலயும் காட்டினேன், அசல் வெள்ளிதான். உன் தம்பி மேல தப்பே இல்ல. நாயுடுபேட்டைக்குப் போறேன். பீரோ சாவி அரிசி டப்பாவுல இருக்குது. கொழம்பு சுட வச்சி துன்னு, எனக்காகக் காத்துகினு இருக்காத."

அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. "நீ அவனுக்கு போன் பண்ணி விஷயத்தச் சொல்லிடு" என்று எழுதினான். பிறகு அந்த வரியை அடித்தான். ஓரத்தில் நெருக்கி எழுதினான்:

"போன் பண்ணாத. தெருவுல கத்துனவன் நானு. அவன் கூட வேலை செய்யறவங்க எதிர்லயே நானே சொல்றேன்."