வெயில் பிடிக்காத செடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை ஒன்றுவிடாமல், உள்ளபடியே எழுதப்போகிறேன். நான் நலம். அப்பாவின் இருமல் நின்றதா? தம்பி என் புத்தகங்களில் கிறுக்காமல் இருக்கிறானா?

அம்மா, பள்ளிக் கண்காட்சியில் எனக்கு முதல் பரிசு!

தாவரவியல் மிஸ் ஆளுக்கொரு செடி கொடுத்திருந்தார். எனக்கு வந்தது பெரணி. எல்லோரையும் போல நானும் அதை விடுதி மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். மற்றவை தளதளவென்று வளர, என்னுடையது மட்டும் கருகியது. "தேறலைன்னா கண்காட்சிக்குக் கொண்டு வராதே" என்று மிஸ் சொல்லிவிட்டார். தண்ணீரை இரட்டிப்பாக ஊற்றியும் பலனில்லை.

குளியலறையில் பல் துலக்கும்போதுதான் பார்த்தேன். குழாய்க்குப் பின்னால், வெயிலே எட்டாத ஈரச் சுவரின் விரிசலில், யாரும் நடாமலே ஒரு குட்டிப் பெரணி! உடனே என் தொட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தேன். என் அறைத்தோழி சரியான ஒல்லி, பட்டப்பெயர் குண்டூசி. "கொடுத்துவெச்ச செடிடி! குளியலறைக்கே குடி போயிடுச்சு" என்று கேலி செய்தாள். ஆனால் சில நாட்களிலேயே சுருள் சுருளாகத் துளிர்கள் விரிந்தன.

இன்று மிஸ் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன உரம் போட்டே?"

"உரமே போடலை மிஸ். அதுக்குப் பிடிச்ச இடத்துல வெச்சேன், அவ்வளவுதான்."

குண்டூசிதான் முதலில் கைதட்டினாள்.

நீங்கள் தைத்த தலையணை உறை ஒன்று அனுப்புங்கள். இங்கே கொடுத்தது சொரசொரக்கிறது. நான் அழவே இல்லை. உள்ளபடி எழுதுவதாகச் சொன்னேனே, அதனால் திருத்துகிறேன்: இங்கே வந்த முதல் வாரம் முழுக்க அழுதேன். இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. நீங்கள் பார்க்க வரும்போது முதலில் குளியலறைக்குத்தான் கூட்டிப்போவேன்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.