நான் சோதிக்காத மீன்தொட்டித் தண்ணீர்

என் அன்பு அப்பா,

நம் வீட்டில் மறுபடியும் மீன் வளர்க்கிறேன். அதே கண்ணாடித் தொட்டிதான். மூன்று வருடம் பரணில் கிடந்தது. ஸ்ரீரங்கத்துக் கடையில் நான்கு தங்கமீன்கள் வாங்கி, உங்களைப் போலவே பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு காட்டூர் வரை பஸ்ஸில் வந்தேன்.

ஐந்தாம் நாள் தொட்டித் தண்ணீரைக் கல்லூரி லேபுக்கு எடுத்துப்போனேன். இப்போது அங்கே நான் டெமான்ஸ்ட்ரேட்டர். பார்வைக்குத் துளி அழுக்கில்லாத தண்ணீர், இரண்டு சொட்டு ரசாயனம் விட்டதும் மஞ்சளாகிவிட்டது. அமோனியா. புதுத் தொட்டியில் மீன்களின் கழிவே மீன்களுக்கு விஷம். வீட்டுக்கு ஓடிவந்து பாதித் தண்ணீரை மாற்றினேன். நான்கும் பிழைத்துக்கொண்டன.

அவ்வளவுதான் அப்பா, செய்ய வேண்டியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன், இந்தத் தொட்டி புதிதாக இருந்தபோது, நீங்களும் இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி, தொட்டித் தண்ணீர் நிரப்பி, தேதி எழுதி ஒட்டி என்னிடம் கொடுத்தீர்கள். நான் பி.எஸ்ஸி. கடைசி வருடம். லேபில் அதைப் பையிலிருந்து எடுத்ததும் பக்கத்து மேஜைத் தோழி கத்தினாள்: "ஏண்டி, ஷுகர் டெஸ்ட்டா? அதுக்குப் பெரியாஸ்பத்திரிக்குல்ல போகணும்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே தண்ணீரை சிங்க்கில் கொட்டினேன்.

மாலையில் வாசலிலேயே நின்றிருந்தீர்கள். "என்னம்மா, ரிசல்ட் என்ன சொல்லுது?"

"எல்லாம் நல்லா இருக்குப்பா."

அதை ஒரு காகிதத்தில் எழுதித் தொட்டியில் ஒட்டினீர்கள். கீழே என் பெயர், இன்னும் வாங்காத பட்டத்தோடு. வந்தவர்களிடமெல்லாம் காட்டினீர்கள். மூன்றாம் நாள் மீன்கள் செத்து மிதந்தன.

"தண்ணியில குறையில்லைன்னு லேப்லயே சொல்லியாச்சு. அப்ப நீதான். சோப்புக் கையோட தொட்டியத் தொடச்சியா?" என்று அம்மாவைக் கேட்டீர்கள்.

"வெளியிலதாங்க தொடச்சேன்... ஒருவேளை உள்ள சொட்டியிருக்குமோ?"

அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த மழைக்காலத்திலேயே நீங்கள் போய்விட்டீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சின்னச் சின்னப் பொய்களையெல்லாம் சொல்லியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. கதைகளில் வரும் கோழைகளைப் பார்த்து எத்தனை முறை முகம் சுளித்திருப்பேன்! என் முகத்தை நான் எங்கே வைத்துக்கொள்வது?

நேற்று அம்மாவை மீன்களுக்குத் தீனி போடச் சொன்னேன். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "என் கை வேணாம்டி. நீயே போடு."

நாளை கல்லறைத் திருநாள். உங்களுக்கு மெழுகுவத்தி ஏற்றக் கிளம்புமுன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு வர விரும்பாவிட்டால் முன்னால் போகட்டும். உங்களிடம் அவர் பேசி முடிக்கும் வரை நான் வெளியே, கல்லறைத் தோட்டத்துக் கேட்டருகில் நிற்பேன்.

உங்கள் ஒரே மகள்,
ரீட்டா