நான்காம் நம்பர் அறைக் கோப்பில் விட்டுப்போன இரண்டு கமாக்கள்

அனுப்புநர்:
த. குற்றாலலிங்கம், வயது 81,
மேல் லயம், ஆறாம் நம்பர் அறை,
பொன்முடி மலைச்சாலை,
திருவனந்தபுரம் மாவட்டம்.
(எழுதப் படிக்கத் தெரியாதவன். நான் சொல்லச் சொல்ல எழுதியவர்: கிழக்கேகோட்டை ஆனந்தகிருஷ்ணன்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம்,
திருவனந்தபுரம்.

பொருள்: ஆங்கில வாக்கியத்தில் கமா விடுபட்டதால் என் தங்கை உலகம்மை இறந்தவராகப் பதிவானது – திருத்தி, வீட்டுச் சாவி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழியில் நாங்கள் செங்கோட்டை வழியாக லாரியில் இந்த மலைக்கு வந்தோம். ஆரியங்காவில் டீ குடிக்க நிறுத்தியபோது ரயிலோடு போன சனங்களைப் பற்றி ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட்டில் எங்களுக்குத் தந்தது, கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் நான்காம் நம்பர் அறை. என் அம்மா வடிவம்மாள், நான், தங்கை உலகம்மை ஆகிய மூவரும் அதில் குடியேறினோம். மறுவருஷம் உலகம்மையைக் கட்டிக்கொண்டு புலமாடனும் அதே அறைக்கு வந்தார். எனக்குக் கல்யாணமானதும் நான் ஆறாம் நம்பருக்கு மாறிக்கொண்டேன்.

2. கொரோனா வந்து மலைக்கு பஸ் நின்றுபோன வருஷம், ஆவணியில், புலமாடன் காலமானார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்றுமுதல் உலகம்மை அந்த அறையில் தனியாக இருக்கிறாள்.

3. லயத்தை இடித்துவிட்டுக் கீழே புதுவீடு கொடுப்பதற்காகப் போன மாசியில் ஒரு சார் கணக்கெடுக்க வந்தார். மரியாதையானவர், செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வந்தார். வீட்டுக்காரர் பெயரை உலகம்மையிடம் கேட்டார். அவள் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான். சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். வாசலில் நின்ற நான்தான் "புலமாடன்" என்று குரல் கொடுத்தேன். அவர் அதை முதலில் எழுதிக்கொண்டு, ஆள் எங்கே என்று கேட்டார். "அவுக போய்ச் சேந்துட்டாக" என்றாள் உலகம்மை.

4. பெயர் என் வாயிலிருந்து வந்தது, சாவுச் செய்தி அவள் வாயிலிருந்து வந்தது. சொன்னது யார் என்பதும் தெரியவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அதை அந்தச் சார் நடுவில் வைத்து இங்கிலீஷில் எழுதி, எங்களுக்கு வாசித்தும் காட்டினார். அர்த்தம் எனக்குத் தெரியாது. சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "புலமாடன்" என்று சொல்லி நிறுத்தினார். "சேஸ் உலகம்மை" என்று சொல்லி மறுபடியும் நிறுத்தினார். பிறகு "இஸ் டெட்" என்று முடித்தார்.

5. சித்திரையில் நோட்டீஸ் வந்தது. புலமாடன் நேரில் வந்து கைரேகை வைத்துச் சாவி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். உலகம்மை இறந்தவர் பட்டியலில் இருந்தாள். இதென்ன கூத்து என்று, புலமாடனின் மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நானும் அவளும் பட்டியல் போட்ட ஆபீசுக்குப் போனோம். அதைக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நான் நினைத்தது தப்பாகப் போயிற்று. அவரையும் இறந்தவராக எழுதிக்கொண்டார்கள். இப்போது கோப்பில் இருவரும் இல்லை. நான்காம் நம்பர், வாரிசு இல்லாத காலி அறை.

6. ஆளே எதிரில் இருக்கிறாளே என்று கேட்டேன். "ஃபைலில் அம்ம மரிச்சு போயல்லோ" என்றார், அவள் உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டிருந்த கிளார்க். உலகம்மை சும்மா இருப்பவள் இல்லை. "அப்போ செத்தவளுக்கு எதுக்குய்யா ஸ்டூலைத் தூக்கிப் போட்டீரு?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, டீயும் வாங்கித் தந்தார். ஆனால் மேலே கையெழுத்தான பட்டியலைத் திருத்தத் தனக்கு அதிகாரம் இல்லை, கலெக்டர் உத்தரவு வேண்டும் என்றார். கோப்பில் இருந்த அந்த ஒரு வரியை மட்டும் நகல் எடுத்துக் கொடுத்தார்.

7. அதை, மனு எழுதிக் கொடுக்கும் கிழக்கேகோட்டை ஆனந்தகிருஷ்ணன் சாமியிடம் இருவரும் கொண்டுபோனோம். படித்துவிட்டு அவர், "ஓய் லிங்கம், உம்ம மச்சினர் செத்தப்புறமும் வாக்குமூலம் குடுத்திருக்கார், பெரிய ஆளுங்காணும்" என்றார். அப்புறம் என் தங்கை முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார். டைப் அடித்ததில், உலகம்மை இறந்துவிட்டதாகப் புலமாடன் சொல்கிறார் என்று இருக்கிறதாம். "சேஸ்" என்றால் சொல்கிறார் என்று அர்த்தமாம். வார்த்தை ஒன்றும் மாறவில்லையாம். வாசித்த சார் இரண்டு இடத்தில் நிறுத்தினாரே, அங்கே நிற்கவேண்டிய இரண்டு கமாக்கள்தான் இல்லையாம்.

8. சாமி விளக்கிச் சொன்னதை அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஓடுகிற பேச்சுக்குக் குறுக்கே ஒரு சொல் வந்தால், அதற்கு முன்னால் ஒரு கமா, பின்னால் ஒரு கமா போடவேண்டும். இரண்டும் இருந்தால் குறுக்கே வந்ததைத் தூக்கி வெளியே வைத்தாலும் மிச்சம் முழுசாக நிற்கும்: புலமாடன் இறந்துவிட்டார். ஒன்றை மட்டும் போட்டாலும் பிரயோஜனமில்லை. இரண்டும் இல்லாவிட்டால் குறுக்கே வந்தவள் உள்ளே மாட்டிக்கொள்கிறாள். சாவு அவள் தலையில் விழுகிறது. நம் பேச்சில் "செத்துட்டாருன்னு சொன்னா" என்றால் யார் செத்தது, யார் சொன்னது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த "ன்னு" செய்கிற வேலையை அங்கே இரண்டு கமாக்கள் செய்கின்றன. டைப் அடித்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. கமா கடுகளவுதான் இருக்கிறது, கண்ணில் படாமல் போயிருக்கும்.

9. செத்தவள் என்று எழுதியதைக்கூட உலகம்மை பொறுத்துக்கொண்டாள். புலமாடன் சொன்னதாக இருப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பஸ்சில் திரும்பும்போது, "அண்ணே, அவுக வாயால என்னைய அப்படிச் சொல்லுவாகளா?" என்று கேட்டாள். கொண்டைஊசி வளைவெல்லாம் ஏறி முடிகிறவரை அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள். அவர் பெயரைத் தன் வாயால் சொல்லாதவள் அவள். அவர் பெயரில் அவளைப் பற்றி இப்படி ஒரு சொல் கோப்பில் கிடக்கலாமா ஐயா?

10. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் லயத்தை இடிக்கப்போகிறார்கள். என் சாவி என்னிடம் வந்துவிட்டது. என் வீட்டில் வந்து இரு என்றால், எனக்கென்று வீடு இருக்கும்போது நான் ஏன் உன் வீட்டுக்கு வரணும் என்கிறாள். அவள் சொல்வது நியாயம். ஆகவே, கணக்கெடுத்த சாரை அழைத்து அந்த வரியை அவர் வாயாலேயே ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் நிறுத்துகிற இரண்டு இடத்திலும் கமா போட உத்தரவிட்டு, நான்காம் நம்பருக்கு உரிய வீட்டை உலகம்மை பெயருக்கே ஒதுக்கி, மழைக்கு முன் சாவி கிடைக்கச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

11. கோப்பில் புதிதாக ஒரு வரி சேர்க்க இடமிருந்தால், நான் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமாக்களைச் சாமியிடம் சொல்லிப் போட்டிருக்கிறேன். நான்காம் நம்பர் அறையில் என் அம்மா வடிவம்மாள் இறந்துவிட்டாள். மைத்துனர் புலமாடன் இறந்துவிட்டார். உலகம்மை, அவள் அண்ணன் குற்றாலலிங்கம் சொல்கிறேன், உயிரோடு இருக்கிறாள்.

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 12.05.2025

மனுதாரர் குற்றாலலிங்கம்,
இடது பெருவிரல் ரேகை

உடன் வந்திருப்பவர் உலகம்மை,
இடது பெருவிரல் ரேகை