ஆஸ்டினுக்குச் சேராத கண்ணாடி

மூஞ்சிக்கல், கோடைக்கானல்
18.4.1984

என் செல்ல மகள் இசபெல்லாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் கிருபையால் உன் அம்மாவின் முழங்கால் நலம், நாய் நலம், பேரிக்காய் மரம் நலம், அப்பாவின் மானம் மட்டும் திங்கட்கிழமையிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. மஸ்கட்டில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் நர்சுப் பிள்ளைகளும் சுகந்தானே? ஊரார் கடிதம் உனக்கு வந்து சேருமுன் நானே சொல்லிவிடுகிறேன். பட்டப்பகலில், அதுவும் தவக்காலத்தில், திருமலைச்சாமியின் லாட்ஜ் வாசலில் அவருடைய காரிலிருந்து சைடு கண்ணாடியைக் கழற்றும்போது உன் அப்பாவாகிய நான் கையும் களவுமாகப் பிடிபட்டேன். ஸ்குரூ டிரைவரோடு முட்டி போட்டிருந்தேன், கண்ணாடியில் முதலில் என் முகம் தெரிந்தது, அதற்குப் பின்னால் லாட்ஜில் பெருக்குகிற குப்பம்மாளின் முகம் தெரிந்தது. என்னண்ணே, கோயிலு அந்தப் பக்கம்ல இருக்கு, இங்க முட்டி போட்டுச் செபம் பண்ணுறீங்க என்று அவள் கேட்ட கேள்விக்கு ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். திருமலைச்சாமி வெளியே வந்து கத்தியிருந்தால் தேவலை. டிரைவரே, ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கழட்டித் தந்திருப்பேனே என்று சிரித்துக்கொண்டே காப்பி வரவழைத்தார். அந்தக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன், என்ன செய்ய.

நான் திருடன் இல்லை அம்மா, அது எனக்கு வந்த கண்ணாடி. நான் வண்டி ஓட்டிய துரைசாணியம்மா சீமைக்குத் திரும்பியபோது தன் ஆஸ்டின் காரையும் தன் தமிழ்ப் பைபிளையும் எனக்கு விட்டுப்போனது உனக்குத் தெரியும். வருகிற மே மாதம் கோடை விழாவில் பழைய கார்கள் ஏரியைச் சுற்றி ஊர்வலம் வருகின்றன, வண்டியில் இருப்பதெல்லாம் அந்தந்த வண்டி புதுசில் வந்த சாமானாக இருக்க வேண்டும் என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். நம் வண்டியில் நான் மாட்டியிருந்ததோ ஸ்கூட்டர் கண்ணாடி, கிழவிக்குக் கூலிங்கிளாஸ் போட்ட மாதிரி இருக்கும். உன் ஜெபதுரை மாமாவிடம் சொன்னேன். இருபத்தேழு வருஷமாக இந்த ஆஸ்டினுக்கு வைத்தியம் பார்க்கிற மெக்கானிக் அல்லவா. இருவரும் பண்ணைக்காட்டுக்கு ஜீப்பில் போய், ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் மிளகுக் கொடி ஏறிக் கோழி முட்டையிட்டுக் கிடந்த ஒரு செத்த காரிலிருந்து ஒரு ஜோடி எடுத்தோம். வட்டக் கண்ணாடி, வளைந்த கம்பி, துடைத்தால் நிலா மாதிரி இருந்தது. தோட்டத்துக் காவல்காரர் மூக்கையாவுக்கு அதற்கு ஈடாக என் புதுக் குடையைக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்து வந்தவன் நான். ரசம் போயிருக்குலே, பூசித் தாரேன் என்று ஜெபதுரை வாங்கிக்கொண்டு போனான். ரசம் வந்ததா என்று தினம் கேட்பேன், உன் அம்மா சாப்பாட்டு ரசம் என்று நினைத்து முறைப்பாள். போன சனிக்கிழமை பார்க்கிறேன், அந்த நிலா இரண்டும் திருமலைச்சாமியின் ஹில்மேன் காரில் உதித்திருக்கின்றன. அவரும் ஊர்வலத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறார்.

 நேரே பட்டறைக்குப் போய் ஏண்டா இப்படிச் செய்தாய் என்றேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்தவன் வெளியே தலையைக்கூட நீட்டவில்லை. ஏலே கஸ்பாரு, அது ஒன் வண்டிக்குச் சேராதுலே, அவரு வண்டிக்குத்தான் சேரும், போயி அந்தம்மா குடுத்த பொஸ்தகத்தப் பாரு, எனக்குச் சோலி கெடக்கு என்றான். பார்த்தாயா, டிரைவர் வண்டிக்குச் சேராதாம், லாட்ஜ் முதலாளி வண்டிக்குச் சேருமாம். செய்த துரோகம் போதாதென்று, இந்தக் கத்தோலிக்கனைப் பைபிள் படிக்கச் சொல்கிறான். புராட்டஸ்டண்டு சபைக்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் பைபிள்தான், ஆனாலும் அவனா என்னிடம்? நீ டைபாய்டில் கிடந்தபோது வத்தலக்குண்டு ஆஸ்பத்திரி வரை இதே ஆஸ்டினைத் தள்ளியும் ஓட்டியும் கொண்டுசேர்த்தவன்.  ஆத்திரத்தில் பைபிளையும் எடுத்துப் பார்த்தேன், அயலான் பொருளை இச்சியாதே என்று இருந்தது, மூடிவிட்டேன்.

ஈஸ்டர் கழிந்து முப்பதாம் தேதி அவன் மகள் அருள்மணிக்குக் கல்யாணம். பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அருள்மணி வந்து வாசலில் நின்று, மாமா இல்லாம எங்கப்பா கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டாரு என்று அழுதது, நான் பேரிக்காய் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அவளுக்கு வாங்கி வைத்திருப்பதாக எழுதிய வாட்ச்சை அனுப்ப வேண்டாம், நீயே கட்டிக்கொள். உன் அம்மா இதற்குச் சம்மதிக்கவில்லை, மூன்று நாளாக என் தட்டில் சோறு தானாக வந்து விழுகிறது, பேச்சு வருவதில்லை. மன்னவனூர் காரட் மலிந்து கிடக்கிறது, நீ இல்லாமல் அல்வா கிண்ட அவளுக்கு மனசில்லை. வெயிலில் அலையாதே, டூட்டி முடிந்தால் வெரசா அறைக்குப் போய்விடு, யாரையும் ரொம்ப நம்பாதே, அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்.

புனித வாரச் செபத்தில் உன்னை நினைத்துக்கொள்வோம். மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், வாட்ச் வேண்டாம்.

உன் பாசமுள்ள அப்பா,
சூ. கஸ்பார்

பி.கு. ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். கவரை ஒட்டிவிட்டு, மேலே பாரம் வைக்க ஏதாவது கொடு என்றேன். உன் அம்மா பீரோ காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு பழைய பொஸ்தகத்தை உருவி, பேசாமல் முன்னால் போட்டாள். பைபிள் இல்லை, துரைசாணியம்மா வண்டியோடு கொடுத்த இன்னொரு பொஸ்தகம், இங்கிலீஷ் என்பதால் நான் திறந்ததே இல்லை. முதல் பக்கத்தில் நம் ஆஸ்டின் படம், புதுசாக. விளக்கு இருக்கிறது, ஹாரன் இருக்கிறது, கால் வைத்து ஏறும் பலகை இருக்கிறது. வெளியே இரண்டு பக்கமும் கண்ணாடியே இல்லை.