நான் ஆட்டிய தலை

மார்ச் 3, செவ்வாய்

மகன் இன்றும் போன் பண்ணவில்லை. வேலை இருக்கும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் எனக்குப் பதில் சொல்வது குக்கர் ஒன்றுதான். காலையில் சாமி கும்பிட்டுவிட்டுச் சத்துப்பான நிலையத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் நாலு பேர் "வாங்க பெரியம்மா" என்கிறார்கள். அதற்காகவே அங்கே விற்கிற சத்துமாவைக் கரைத்துக் குடிக்கலாம்.

மார்ச் 5, வியாழன்

மாவு குடித்து என்ன குணம் தெரிந்தது என்று இன்று என்னைப் பேசச் சொன்னார்கள். கால்வலி கொஞ்சம் தேவலை என்றேன். நிலையம் நடத்துகிற பெண், "சுகரும் குறைஞ்சிருக்குமே பெரியம்மா?" என்றாள். நான் எங்கே பார்த்தேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். தலையை ஆட்டிவிட்டேன். "சாமி கும்பிடுற பெரியம்மா, பொய்யா சொல்லுவாங்க?" என்றாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

எனக்கு இதுவரை யார் கைதட்டியிருக்கிறார்கள்?

மார்ச் 9, திங்கள்

மூட்டுவலி, சுகர், முடி கொட்டுவது, பிள்ளை இல்லாத குறை. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே டப்பாதானாம். மாவா, வரம் கொடுக்கிற சாமியா? சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

மாடிவீட்டுத் தையல்காரி நிலையத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். கால் சுண்டுவிரலில் புண், ஆறவே மாட்டேன் என்கிறதாம். "உள்ள இருக்கிற விஷம் வெளிய வருது, நல்ல அறிகுறி. இன்னொரு வேளை சேர்த்துக் குடிங்க" என்றாள் நடத்துகிறவள்.

வலி குறைந்தாலும் மாவு வேலை செய்கிறது, கூடினாலும் மாவு வேலை செய்கிறது. அப்படியென்றால் வேலை செய்யவில்லை என்பதை எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது?

திரும்பி வரும்போது கேட்டேன். "சுகர் மாத்திரை போடுறியாடி?"

"அதைத்தான் நிறுத்திட்டேனே. அவங்க சொல்லி நான் நம்பலைக்கா. நீங்க குறைஞ்சுதுன்னீங்க பாருங்க, அன்னிக்கே விட்டுட்டேன்."

ஐயோ. நான் ஒரு வேளை மாத்திரையைக்கூட விட்டதில்லையேடி! மாத்திரையைப் போட்டுக்கிட்டுத்தானே அந்த மாவையும் குடிச்சேன்... மிஷின் மிதிக்கிற கால் அது, சாமி. நான் தலையாட்டினதுக்கு அவ காலா?

அங்கே எழுந்து பேசினவர்கள் எல்லாருமே என்னைப் போலத் தலையாட்டினவர்கள்தானோ?

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டால் அப்புறம் என்னை யார் 'வாங்க' என்பார்கள்?

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். நிலையத்தில், எல்லார் முன்னாலும். "சுகர் நான் பார்க்கவே இல்லை. யாரும் மாத்திரையை விடாதீங்க." ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பெரியம்மாவுக்கு யாரோ நல்லா ஓதி விட்டிருக்காங்க" என்றாள் நடத்துகிறவள். நான் தையல்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சுகர் எக்கச்சக்கம். அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். "சுகரைப் போக்குற மாவு இருந்தா நாங்க ஏம்மா தினம் ஊசியும் கையுமா அலையறோம்?" என்றாள் நர்ஸ்.

மார்ச் 17, செவ்வாய்

போன் அடிக்கவே இல்லை. கெட்டுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 29, ஞாயிறு

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. தினமும் போகிறேன்; அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நான் பாட்டுக்கு வெயில், தண்ணீர், பக்கத்துக் கட்டில்காரியின் மருமகள் என்று பேசிக்கொண்டே இருந்தேன். இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "அக்கா, கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா?"

போங்கள் என்று சொல்லவில்லை. விளக்குப் போடும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.